ராஜா வேடத்துக்கு ஐந்து வயது

என் மகளுக்கு அப்போது எட்டு வயது. எலும்பு வளர்ச்சிக் குறைபாட்டால் பார்ப்பதற்கு நான்கு வயதுக் குழந்தையின் உயரம்தான். அமெரிக்காவில் ஈஸ்ட் பிரன்ஸ்விக்குக் குடிவந்த புதிதில் தமிழ்ப்பள்ளி ஆண்டுவிழா வந்தது. எட்டு வயதுப் பிள்ளைகளுக்குக் குழு நடனம், ஐந்து வயது வரை உள்ளவர்களுக்கு மாறுவேடம். நடன வரிசையில் நின்றால் அரங்கமே அவளைத்தான் பார்க்கும். எங்களை யாருக்கும் தெரியாது என்ற துணிச்சலில் படிவத்தில் ஐந்து என்று எழுதினேன். அவளுக்கும் அதையே சொல்லிக்கொடுத்தேன். பெரிய கெட்டிக்காரி என்று நினைப்பு எனக்கு.

ராஜா வேடத்துக்கு மேலங்கி தேடிப் பழைய சாமான் சந்தைக்குப் போனபோது, ஒரு பெட்டியில் அந்தப் புகைப்படம் கிடந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அட்டையில் ஒட்டி விற்ற படம். தளபதி உடுப்பும் வரைந்த மீசையுமாக ஒரு குட்டிப் பையன் நாற்காலிமேல் நின்றான். பின்புறம் பதினாறு வயது என்று அச்சிட்டிருந்தது. குள்ளமான பிள்ளைகளை மேடையில் காட்டிப் பிழைத்தவர்கள் வயதைக் கூட்டித்தான் சொல்வார்கள், அப்போதுதான் குள்ளம் அதிசயமாகும் என்றாள் கடைக்காரி. இவனுக்கு ஆறு இருக்கும், வாயைப் பார் என்றாள்.

பார்த்தேன். முன்பக்கப் பால்பற்கள் இரண்டும் விழுந்திருந்தன. அவன் தோளில் ஒரு பெரிய கை. கைக்குரியவரின் முகம் படத்தில் இல்லை. பையனின் கண்கள் அந்தக் கை எப்போது அழுத்தும் என்று காத்திருந்தன.

அவர்கள் காட்டுவதற்காகக் கூட்டினார்கள், நான் மறைப்பதற்காகத்தானே குறைத்தேன் என்று சமாதானம் சொல்லிக்கொண்டே கார் ஓட்டினேன்.

விழாவில் தொகுத்து வழங்கிய ஆன்ட்டி மைக்கை நீட்டினார். "ராஜா குட்டிக்கு எத்தன வயசு?"

மகள் திரைக்குப் பக்கத்தில் நின்ற என்னைப் பார்த்தாள். நான் தலையசைத்தேன்.

"அஞ்சு," என்றாள்.

கைதட்டினார்கள். அது அவள் குரல் இல்லை. நாக்கைக் குழைத்து, மூக்கால் இழுத்து, சின்னக் குழந்தையைப் போலச் சொன்னாள். அந்தக் குரலை நான் சொல்லிக்கொடுக்கவே இல்லை.

"ச்சோ க்யூட், இன்னொரு வாட்டி சொல்லு," என்றார் ஆன்ட்டி. சொன்னாள். மூன்றாம் முறை கேட்காமலேயே சொன்னாள், இடுப்பில் கை வைத்துக்கொண்டு.

காரில் அவள் முகத்தில் வரைந்திருந்த மீசை மையைத் துடைத்தேன். வழக்கமான குரலில் கேட்டாள். "அம்மா, மண்டே ஸ்கூல்ல ஹவ் ஓல்ட் ஆம் ஐ?"

"எட்டுதான்டி கண்ணு."

"ஆர் யூ ஷுர்?" என்றாள்.