வெள்ளிக்கிழமை வரைக்கும் பேசியவர்

மருத்துவப் படிப்பின் கடைசி ஆண்டில் நோயாளிகளை விட நாட்காட்டிதான் என்னை அதிகம் வருத்தியது. சத்திரசிகிச்சை நிபுணராக வேண்டுமென்றால் வேறு வேறு ஊர் வைத்தியசாலைகளுக்குப் போய், ஒவ்வொன்றிலும் சில வாரங்கள் மாணவியாக இருந்துகொண்டே ஒரு டொக்டரின் வேலையைச் செய்து காட்ட வேண்டும். அதற்கு எலெக்டிவ் என்று பெயர். முடிவில் அங்குள்ள பெரிய டொக்டர் ஒருவரிடம் பரிந்துரைக் கடிதம் கேட்க வேண்டும். கேட்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. கடிதம் தருவீர்களா என்று கேட்கக் கூடாது. பலமான கடிதம் தர முடியுமா என்று கேட்க வேண்டும். அவர் கொஞ்சம் யோசித்தால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிட வேண்டியதுதான். அரை மனதோடு எழுதிய கடிதம் ஆளைக் கவிழ்த்துவிடும். எழுதியதை நாங்கள் பார்க்கவும் முடியாது, அது நேரே தேர்வுக் குழுவுக்குப் போய்விடும்.

எனக்கு மூன்று கடிதங்கள் தேவைப்பட்டன. இரண்டு கிடைத்துவிட்டன. மூன்றாவதைக் கிழக்குக் கரையில் உள்ள ஒரு நகரத்தில், குடல் சத்திரசிகிச்சையில் பெயர் பெற்ற ஒருவரிடம் வாங்க ஆசைப்பட்டேன். அவரிடம் இடம் கிடைப்பது குதிரைக் கொம்பு. செப்டெம்பரில் யாரோ ஒரு மாணவர் விலக, அந்த இடம் எனக்கு வந்தது. ஆனால் செப்டெம்பரில் நான் எங்கள் வீடு இருக்கும் மொன்றியலிலேயே வேலை செய்வதாக ஏற்பாடு. இரண்டையும் மாற்றிப் போடுவதா வேண்டாமா என்று அப்பாவிடம் கேட்டேன். குசினி மேசையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்த அப்பா, தலையைக்கூட நிமிர்த்தாமல், "போ பிள்ளை, இப்ப விட்டால் பேந்து கிடையாது" என்றார்.

அன்றைக்கே அவருக்குத் தன் குடலில் கட்டி இருப்பது தெரியும். எனக்குத்தான் தெரியாது.

எங்கள் ஆட்களிடம் இது ஒரு வழக்கம். பிள்ளைக்குச் சோதனை என்றால் வீட்டில் கெட்ட சேதி எதுவும் அவள் காதுக்குப் போகக் கூடாது. என்னோடு படித்த ஒருத்திக்கு மாமா செத்தது பரீட்சை முடிந்த பிறகுதான் தெரியும். அதைப் பெரிய தியாகம் என்று எல்லோரும் புகழ்ந்தார்கள். நானும் தலையாட்டியிருக்கிறேன். எலெக்டிவ் சோதனை இல்லை, பாதியில் விட்டுவிட்டு வந்தாலும் உலகம் இடிந்துவிடாது என்று வீட்டில் நான் எடுத்துச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டார்கள். பாதியில் வந்தால் கடிதம் வராது என்பது அவர்களுக்கு நன்றாகவே விளங்கியிருந்தது.

அப்பா மொன்றியலுக்குப் பக்கத்தில் புவாண்ட்-கிளேரில் ஒரு களஞ்சியத்தில் வேலை செய்தார். தமிழில் தட்டெழுதப் பொறுமை இல்லாததால் காலையில் வேலைக்குப் போனதும் எனக்குக் குரலில்தான் செய்தி அனுப்புவார். எழும்பிவிட்டாயா, சாப்பிட்டாயா, பெரிய ஆட்களோடு மரியாதையாகப் பேசு. அவ்வளவுதான். கிழக்குக் கரையிலும் காலை தவறாமல் அந்தக் குரல் வந்தது. கடைசி வாரத்துச் செய்திகளில் பின்னால் ஏதோ விட்டு விட்டுக் கூவியது. களஞ்சியத்தில் பாரந்தூக்கி வண்டி பின்னுக்கு வருகிறது என்று நினைத்தேன். அது சேலைன் ஏற்றும் இயந்திரத்தின் சத்தம். நாள் முழுக்க நான் வார்ட்டில் கேட்டு, ஓடி ஓடி நிறுத்திக்கொண்டிருந்த அதே சத்தம். அப்பாவின் குரலோடு வந்தபோது மட்டும் அது எனக்கு வேறு எதுவாகவோ கேட்டது.

அம்மாவை மாலையில் அழைப்பேன். அப்பா எங்கே என்றால் ஓவர்டைம் என்பார். நம்பினேன்.

நடந்தது இதுதான். கடைசி வாரத்துக்கு முந்திய வெள்ளிக்கிழமை குடல் அடைத்து அப்பாவை வைத்தியசாலையில் சேர்த்தார்கள். ஞாயிற்றுக்கிழமை வெட்டினார்கள். செவ்வாய்க்கிழமை காலை நுரையீரலில் இரத்தம் கட்டி இறந்துபோனார். அந்தச் செவ்வாய்க்கிழமை நான் அந்தப் பெரிய டொக்டரின் எதிரே நின்று, யாரோ ஒருவருடைய வயிற்றை விரித்துப் பிடித்துக்கொண்டிருந்தேன். அதே கட்டி, அதே இடம். நன்றாகப் பிடிக்கிறாய் என்று அவர் சொன்னது எனக்கு அன்று முழுவதும் போதுமாக இருந்தது.

புதன்கிழமை காலை அப்பாவின் குரல் வந்தது. வியாழக்கிழமையும் வெள்ளிக்கிழமையும் வந்தது. வெட்டுவதற்கு முதல் நாள் அப்பா அண்ணாவின் போனில் எல்லாவற்றையும் பேசி வைத்துவிட்டார். காலையில் ஒவ்வொன்றாக அப்பாவின் போனிலிருந்து அனுப்பும்படி சொல்லியிருந்தார். அவர் இறந்த பிறகும் அண்ணா அனுப்பினான். மரண அறிவித்தல் எங்கும் போடக் கூடாது என்று அம்மா தடுத்தார். பார்க் எக்ஸ்டென்ஷனில் எங்கள் கட்டடத்தில் மூன்று மாடிக்கும் தெரியும், கீழே தெப்பனர் என்கிற சில்லறைக் கடைக்காரருக்கும் தெரியும். ஊரே வாயைக் கட்டிக்கொண்டிருந்தது.

புதன்கிழமை நான் ஒரு கேள்வி கேட்டு அனுப்பியிருந்தேன். கடிதத்தை வியாழன் கேட்பதா, கடைசி நாள் கேட்பதா? மறுநாள் வந்த பதில்: "குளிருக்கு வடிவாப் போத்துக்கொண்டு போ பிள்ளை." எனக்குச் சுள்ளென்று வந்தது. "நான் கேட்டதுக்கு நீங்கள் ஒருநாளும் பதில் சொல்லமாட்டியள்" என்று பேசி அனுப்பினேன். மலர்ச்சாலையில் சவப்பெட்டி தெரிவு செய்துகொண்டிருந்தபோது அம்மா அதைக் கேட்டாராம். அண்ணா பிறகு சொன்னான். சொல்லாமலே விட்டிருக்கலாம் அவன். மறைக்க வேண்டியதை மறைக்கத் தெரியாது எங்கள் வீட்டில்.

வெள்ளிக்கிழமை பெரிய டொக்டரிடம் கடிதம் கேட்டேன். யோசிக்காமல் ஓம் என்றார். சனிக்கிழமை விமானத்தில் வந்தேன். அண்ணா கூட்டிப்போக வந்திருந்தான். கார் நாற்பதாம் நெடுஞ்சாலையில் போகும்போது வாய் ஓயாமல் கடிதக் கதையையே சொல்லிக்கொண்டு வந்தேன். அவன் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். எங்கள் வீட்டுக்கு ஏறும் படிகளில் கீழிருந்து மேல் வரைக்கும் சப்பாத்துகள் கிடந்தன. அப்போதுதான் பேச்சை நிறுத்தினேன்.

செத்தவீட்டில் அழுததை விடக் கத்தியதுதான் அதிகம். வந்திருந்தவர்கள் என் தோளைப் பிடித்து, உனக்காகத்தானே பிள்ளை என்றார்கள். அந்தச் சொல்லை இன்றைக்கு யார் சொன்னாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நேர்முகத் தேர்வு இணையவழியில் நடந்தது. குழுவில் இருந்த பெண்மணி ஒருவர் கிழக்குக் கரையிலிருந்து வந்த கடிதத்தைப் பாராட்டினார். கடைசி வாரத்தில் இந்த மாணவி காலையில் சிரித்த முகத்தோடுதான் வருவார், வேலையைத் தவிர வேறு நினைவே அவருக்கு இருக்கவில்லை என்று அதில் எழுதியிருக்கிறதாம். நன்றி என்றேன். உண்மைதானே. அப்பா செத்துக் கிடந்த வாரத்தில் நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்திருக்கிறேன். அதற்குச் சாட்சி எழுதி, ஒப்பம் வைத்து, எனக்கு இடமும் வாங்கித் தந்திருக்கிறார்கள். மொன்றியலிலேயே சத்திரசிகிச்சைப் பயிற்சிக்கு எடுத்தார்கள். அதைத் திருப்பிக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அந்தக் குரல்களை அழிக்கவும் முடியவில்லை, கேட்கவும் முடியவில்லை. வார்ட்டில் இயந்திரம் கூவினால் போதும், யாரோ என்னைப் பிள்ளை என்று கூப்பிடுவது போலிருக்கும். திரும்பிப் பார்ப்பேன். உடன் வேலை செய்பவர்கள் எனக்குச் சத்தம் ஆகாது என்று நினைக்கிறார்கள்.

ஒரு விஷயம் மட்டும் எனக்கு ஆறுதலாக இருந்தது. இரண்டு நாளில் எழும்பிப் பேசலாம் என்றுதான் அப்பாவுக்கு டொக்டர்கள் சொல்லியிருந்தார்கள். அவரோ வெள்ளிக்கிழமை வரைக்கும் பேசி வைத்திருக்கிறார். அப்படியானால் தான் பிழைக்க மாட்டார் என்று அவருக்கு ஏதோ தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் எனக்கு வேண்டியதைச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். விடை பெறாமல் போகவில்லை. இதைப் பற்றிக்கொண்டுதான் பயிற்சியின் முதல் ஆண்டை ஓட்டினேன்.

போன மாதம் அம்மாவோடு கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது, தான் சாகப்போவது அப்பாவுக்கு முதலே தெரியும் என்னம்மா என்று கேட்டுவிட்டேன். அம்மா தண்டை முறித்துக்கொண்டே சொன்னார்.

"அவருக்கு ஒண்டும் தெரியாது. வெட்டின நோவோட கதைச்சால் குரலிலை பிடிச்சிடுவாய் எண்டுதான் வெள்ளி மட்டும் பேசி வைச்சவர். சனிக்கிழமைக்கும் ஒண்டு பேசுங்கோ, பிளேன் ஏறேக்கை கேப்பாள் எண்டு நான் சொன்னனான். சனிக்கிழமை பிள்ளை வந்திடுவாள்தானே, நேரிலை கதைப்பம் எண்டவர்."

இத்தனை நாளும் நான் பிடித்துக்கொண்டிருந்த ஒரே ஆறுதலும் அதோடு போயிற்று. அவர் என்னிடம் விடைபெறவே இல்லை.