வாத்துக்கறி தின்ற பிரதிநிதி

ஆளைப் பார்ப்பதற்கு முன்பே அவர் பெயர் திர்சாவின் காதில் விழுந்துவிட்டது. 1788, பிப்ரவரிப் பனி. அவள் அப்பா ஏனோஸ் பில்லிங்ஸ் வெளியே போய்விட்டு வந்து, பூட்ஸைக்கூடக் கழற்றாமல், "ஆசகேல் டோன் வெலபோயிட்டான்டி" என்றார் அம்மாவிடம்.

விஷயம் இதுதான். நாட்டுக்குப் புதிதாக ஓர் அரசியல் சாசனம் எழுதி, ஏற்பதா வேண்டாமா என்று முடிவுசெய்ய மாநிலத்துக்கு மாநிலம் மாநாடு கூட்டினார்கள். எங்கள் மாசசூசெட்ஸுக்கு பாஸ்டனில். மேற்கு மலையில் நாங்கள் ஊர்க்கூட்டம் போட்டு, மலைக்கு அந்தப் பக்கத்து ஆசகேலைப் பிரதிநிதியாக்கி, "வேண்டாம்னு சொல்லிட்டு வா" என்று அனுப்பினோம். கடவுளைக் கும்பிடவும் வாய்திறந்து பேசவும் அதில் ஒரு வரி உத்தரவாதம் இல்லை. பெரிய வியாபாரிகள் தங்களுக்காக எழுதிக்கொண்டது என்றுதான் எல்லாருக்கும் சந்தேகம்.

போனவர் 'சரி' என்று சொல்லிவிட்டு வந்தார். "இப்ப ஒத்துக்கிட்டா, குறையெல்லாம் பின்னால திருத்தமாப் போட்டுடுவாங்க. என்னென்ன திருத்தம்னு எழுதியே அனுப்பியிருக்கோம்" என்றாராம்.

"பின்னாலயாம்! அவனுங்க வேலி தாண்டினப்புறம் நம்மளத் திரும்பிப் பாப்பானுங்களா?" என்றார் ஏனோஸ்.

மார்ச் ஊர்க்கூட்டத்தில் ஆசகேலுக்குப் பன்றிக்காவல் கொடுத்தார்கள். தோட்டத்தில் புகுந்த பன்றியைத் துரத்திப் பிடிக்கிற வேலை. புது மாப்பிள்ளைகளைக் கேலி செய்யத்தான் அதைக் கொடுப்பது. அவருக்கு ஐம்பது தாண்டியிருந்தது. சிரிப்பு அடங்கியதும் எழுந்து, "சரி" என்றார்.

"அந்த ஒரு வார்த்தை மட்டும் நல்லா வருது பாரு!" என்றது பின்பெஞ்சிலிருந்து ஒரு குரல்.

அடுத்த வருஷம் திர்சா அவர் மகன் லேவிக்கே வாழ்க்கைப்பட்டாள். நிலபுலன் உள்ள வீடு என்பதால் ஏனோஸ் வாயை மூடிக்கொண்டார். "கண்ணை மட்டும் திறந்து வச்சுக்க" என்று மகளிடம் சொல்லியனுப்பினார்.

திறந்துதான் வைத்திருந்தாள். பெட்டி, பரண், கணப்புக்கு மேல் பலகை எல்லாம் துழாவினாள். பாஸ்டன் சாமான் ஒன்றுகூட இல்லை. ஒன்றும் இல்லாததே அவளுக்குச் சந்தேகத்தைக் கூட்டியது. ஒரு திருடன் வீட்டில் பிள்ளை பெற்று வளர்க்கப் போகிறோமோ என்று உள்ளுக்குள் அரித்தது. அப்புறம்தான் ஒன்றைக் கவனித்தாள்: மேசைக்கு வாத்துக்கறி வந்தால் மாமனார் எழுந்து போய்விடுகிறார்.

"மாமா, பாஸ்டன்ல என்ன வாங்குனீங்க?" என்று நேராகவே கேட்டுவிட்டாள்.

"வாங்கலம்மா. தின்னேன்." அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "ஒரு வியாபாரி வீட்டுல எங்கள மாதிரி ஆளுங்களுக்குத் தெனம் விருந்து. வாத்துக்கறி. தின்னுக்கிட்டே இருந்தேன், அந்தத் திருத்தப் பேச்சு நியாயமாப் பட்டுச்சு. மனசு மாறினது நியாயத்தாலயா, வாத்தாலயா? எனக்கே தெரியல."

"எப்பத் தெரியும்?"

"திருத்தம் வந்தா."

அன்று முதல் அவளும் காத்திருந்தாள். கல்யாணமாகி மூன்றாம் வருஷக் குளிர்காலத்தில் தகரச் சாமான் விற்க வந்தவன் செய்தி கொண்டுவந்தான்: பத்துத் திருத்தம் சேர்ந்துவிட்டது, முக்கால்வாசி மாநிலங்கள் ஒத்துக்கொண்டாயிற்று, கடைசியாக வர்ஜீனியா. திர்சா துள்ளிப்போய் ஒரு வாத்தை அடித்துச் சுட்டாள். அப்பாவையும் கூப்பிட்டாள்.

ஏனோஸ் உட்காரும்போதே ஆரம்பித்தார். "சம்பந்தி, ஒத்துக்கிட்டதுல நம்ம மாநிலம் இல்லியாமே? பாஸ்டன்ல சட்டசபை ரெண்டும் ஆமா ஆமான்னு இழுத்து, கெடப்புல போட்டுட்டாங்களாம். உனக்கு வாக்குக் கொடுத்தவனே கைய விரிச்சுட்டான்!"

"முக்கால்வாசி வந்தாப் போதும். இனி அது சாசனம்தான்."

"அது கெடக்கு. எவனோ வர்ஜீனியாக்காரன் உன் வாக்கக் காப்பாத்தினா, அது உன் புத்தியா, அதிர்ஷ்டமா?"

ஆசகேல், திர்சா வைத்த தட்டை மெதுவாக நகர்த்திவிட்டு, ரொட்டியைப் பிட்டுத் தின்றார். ஊர் மன்னித்தாலும் இந்த மனுஷன் தன்னை மன்னிக்கமாட்டார் என்று அவளுக்குப் புரிந்தது. விலைபோனவன் எவன் இப்படி உட்கார்ந்திருப்பான்? அவள் சந்தேகம் அன்றைக்கு அவரை விட்டு இறங்கி, பாஸ்டன் பக்கம் திரும்பியது. இன்னும் அங்கேதான் இருக்கிறது.

ஆசகேல் டோன் மகன் வீட்டில்தான் இருக்கிறார். இந்த மார்ச்சிலும் பன்றிக்காவல் அவருக்கே.