கரும்புக்கு வழி

என் கணவரின் காரியத்தன்று அவருடைய அண்ணன் வாசலில் நின்று உறவினர்களிடம் சொன்னது, சுவருக்கு இந்தப்புறம் உட்கார்ந்திருந்த எனக்குத் தெளிவாகக் கேட்டது. குரலைத் தாழ்த்த வேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை. "தம்பிக்கு இருந்த எச்ஐவி இவளுக்கும் இருக்குது. அடுத்த பொங்கலப் பாக்க மாட்டா. சாவப்போறவளுக்கு இன்னாத்துக்கு நெலம்?" அப்போது எனக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. பாகூரில் என் கணவரின் பங்காக இருந்த நிலத்தில் அந்தப் பட்டத்திலேயே அவர் கரும்பு நட்டார். என்னைச் சோரியாங்குப்பத்துக்கு, தாய்வீட்டுக்கு அனுப்பினார்கள். நான் படுத்திருந்த பாயை என் கண்ணெதிரிலேயே கொளுத்தினார்கள்.

இந்த மனிதருக்கு முன்னால் சாவதில்லை என்று அந்தப் புகையில் நின்றுதான் முடிவு செய்தேன். அரசு மருத்துவமனையில் மாத்திரை கொடுக்கத் தொடங்கியதும் போய் நின்றேன். தலை சுற்றினாலும் குமட்டினாலும் ஒரு வேளையும் விட்டதில்லை. பிள்ளைகளுக்காக உயிரைப் பிடித்துக்கொண்டிருந்ததாகச் சொல்லும் பெண்களை அங்கே பார்த்திருக்கிறேன். எனக்குப் பிள்ளை இல்லை. என்னை வாழவைத்தது வன்மம்தான். வழக்குப் போட்டு, வாய்தா வாய்தாவாக அலைந்து, நிலத்தை மீட்டு, அதன் ஓரத்திலேயே வீடு கட்டிக் குடிவந்தேன்.

என் நிலம் சாலையோரம்; அவருடையது அதற்குப் பின்னால். போன மார்கழியில் அவர் வெட்டிப்போட்ட கரும்பை ஏற்ற, டிராக்டர் என் நிலத்தின் வழியாகத்தான் போக வேண்டும். கோலூன்றி வந்து வரப்பில் நின்றார்.

"கொஞ்சம் வழி வுடுமா. வெட்டிப் போட்டது காயுது."

"பொங்கல் வரைக்கும் பொறுங்க மாமா. நான்தான் பொங்கலப் பாக்க மாட்டேனே? அப்புறம் உங்க இஷ்டத்துக்கு ஓட்டிக்குங்க."

அவர் கோலூன்றித் திரும்பிப் போனார். கரும்பு காய்ந்து எடை குறைந்த பிறகு, ஆட்கள் தலைச்சுமையாகத் தூக்கிப் போனார்கள். என் தம்பி மனைவி கேட்டாள்: "இன்னும் இன்னாக்கா கோவம்? ரெண்டு பேருக்கும் வயசாயிடுச்சே."

ஆகிவிட்டதுதான். எலும்பு தேய்ந்திருக்கிறது, மாத்திரையாலும் இருக்கலாம், வயதாலும் இருக்கலாம் என்கிறார் டாக்டர். நரை, முட்டிவலி, கண்ணில் புரை என்று மற்றவர்கள் அலுத்துக்கொள்வதெல்லாம் எனக்கு அவரிடமிருந்து பறித்தெடுத்த சொத்து. மன்னித்துவிட்டால் மனம் லேசாகும் என்கிறார்கள். என் மனம் ஒன்றும் கனக்கவில்லை.

கோடையில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. ஜன்னலோரக் கட்டிலில் கிடக்கிறார். பார்வை மட்டும் தெளிவு. என்னைக் காலையில் நடக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். ஊரில் வேறு தெருக்களும் உண்டு. நான் அவர் ஜன்னலுக்கு எதிரே, மெதுவாக நடக்கிறேன்.