அப்பாவின் கார் கத்திய ஒழுங்கை

கிருலப்பனை கராஜில் என் கார் எஞ்சினின் தேய்ந்த பெல்ட்டைக் கழற்றிய மெக்கானிக், "வெடிப்பு விழுந்திட்டுது அண்ணை, இதுதான் கத்தினது" என்று நீட்டியபோது, அதன் சூடான ரப்பர் வாசம் என்னை, இன்று அடுக்குமாடி எழுந்து நிற்கும் இடத்தில் அன்று இருந்த எங்கள் வெள்ளவத்தை வீட்டுக்குக் கொண்டுபோயிற்று. அப்பாவின் பழைய காரும் பின்னேரங்களில் இப்படிக் கீச்சிட்டுக்கொண்டேதான் பெருந்தெருவிலிருந்து எங்கள் ஒழுங்கைக்குள் திரும்பும். அது கேட்டதும் அம்மா தேத்தண்ணிக்குக் கேத்திலை அடுப்பில் வைக்க, நானும் தங்கச்சியும் டிவியை நிறுத்திவிட்டுப் புத்தகத்தை விரிப்போம். ஒருநாள் அப்பா புது பெல்ட் போட்டுச் சத்தமில்லாமல் வந்து, டிவி முன்னால் இருந்த எங்களை வாசலில் நின்று பார்த்தார். "படிச்சு முடிஞ்சுதோ?" என்று மட்டும் கேட்டார். வீணாக ஹோன் அடிப்பவர்களைக் கண்டாலே எரிந்து விழும் அப்பா, மறுநாளிலிருந்து ஒழுங்கை முனையில் ஒருதரம் ஹோன் அடித்துவிட்டுத்தான் திரும்பினார்.