புது முதல்வர் கேட்ட கேள்வி

எழுபதுகளின் கடைசியில் தில்லியில் ஒரு பெண்கள் கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். நெடுங்காலம் முதல்வராக இருந்த அம்மையார் ஓய்வு பெற்றதும், அந்த நாற்காலி பொருளாதாரத் துறைத் தலைவிக்குத்தான் என்று எல்லோரும் நினைத்தோம். அவர் திருநெல்வேலிக்காரர். நான் கோயமுத்தூர். கல்லூரியில் தமிழ் பேச நாங்கள் இருவர்தான். அவரை அக்கா என்பேன். சில மாதங்கள் பொறுப்பு முதல்வராகவும் அவரே இருந்தார். ஆனால் தேர்வுக் குழு வேறொரு கல்லூரியிலிருந்து ஒரு பஞ்சாபி அம்மாளைக் கொண்டுவந்தது.

அக்கா யாரிடமும் புலம்பவில்லை. வகுப்பை முடிப்பார், மந்திர் மார்க் பஸ்ஸைப் பிடித்து வீட்டுக்குப் போய்விடுவார். ஸ்டாஃப் ரூமுக்கு வருவதை மட்டும் நிறுத்திவிட்டார்.

பழைய முதல்வர் எதையும் சுற்றறிக்கையில்தான் சொல்வார். புதியவர் முதல் வாரமே ஸ்டாஃப் ரூமுக்கு வந்து எங்களோடு உட்கார்ந்து டீ குடித்தார். "இங்கே எதை மாற்றலாம்? நான் புதுசு, நீங்கள்தான் சொல்ல வேண்டும்" என்றார் இந்தியில். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. யாரோ குளிர் அதிகமாகிவிட்டது என்றார்கள். அடுத்த வாரமும் வந்தார்; அதே கேள்வி, அதே மௌனம். அவரோடு ஒத்துழைத்தால் அக்காவுக்குத் துரோகம் செய்ததுபோல் ஆகும் என்று எல்லோருக்கும் நினைப்பு. எனக்கும்தான்.

சொல்ல விஷயம் இல்லாமல் இல்லை. முதல் மணி அடித்ததும் கல்லூரி வாசல் கேட்டைப் பூட்டிவிடுவார்கள். யமுனைக்கு அந்தப் பக்கமிருந்து வரும் பெண்கள், பனிமூட்டத்தில் பஸ் பாலத்தில் ஊர்ந்து வர, வெளியே நடுங்கிக்கொண்டு நிற்பார்கள். இதற்காகப் பழைய முதல்வரிடம் பலமுறை வாதாடித் தோற்றவர் அக்காதான்.

ஒரு மத்தியானம் அக்கா புல்வெளியில் வெயில் காய்ந்தபடி ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"ஏங்கக்கா, அந்தம்மா ரெண்டு தடவ வந்து கேட்டுட்டாங்க. ஒருத்தரும் பேச மாட்டேங்கறாங்க."

"ஏன் பேசலை?"

"உங்களுக்காகத்தானுங்க."

ஊசிகள் நின்றன. "எனக்கு வருத்தமே இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா எம்பேரச் சொல்லிட்டு எல்லாரும் வாய மூடிட்டு இருந்தா, அது எனக்குல்லா அசிங்கம்? கேட்டுக்கு வெளிய நிக்கிற அந்தப் பிள்ளைக என்ன பாவம் செஞ்சிச்சு?"

"அப்ப நீங்களே வந்து சொல்லுங்கக்கா."

அடுத்த வாரம் முதல்வர் வந்தபோது அக்காவும் ஸ்டாஃப் ரூமுக்கு வந்தார். கதவருகே உட்கார்ந்தவர், முதல்வர் கேட்டு முடிப்பதற்குள், "கேட்டைப் பூட்டுவதை நிறுத்துங்கள். பனிக்காலத்தில் முதல் வகுப்பை அரை மணி தள்ளி வையுங்கள்" என்றார் ஆங்கிலத்தில்.

அவ்வளவுதான், மடை உடைந்தது போலாயிற்று. ஒழுங்கு கெட்டுவிடும் என்றார் இந்தி ஆசிரியை. சாயங்காலம் இருட்டிய பிறகா வீட்டுக்குப் போவது என்றார் இன்னொருவர். வாரக்கணக்கில் அடைத்துக்கிடந்த பேச்சு எல்லாம் வெளியே வந்தது. முதல்வர் குறுக்கிடாமல் கேட்டுவிட்டு, "இதற்கு ஒரு குழு போடலாம். நீங்கள் தலைமை ஏற்பீர்களா?" என்று அக்காவைப் பார்த்தார்.

"ஏற்கிறேன். ஆனால் குழு இங்கேதான் கூடும். உங்கள் அறைக்கு நான் வர மாட்டேன்."

பொறுப்பு முதல்வராக அவர் சில மாதங்கள் உட்கார்ந்திருந்த அறை அது. முதல்வர் ஒரு கணம் யோசித்து, "அச்சா, நான் இங்கே வருகிறேன்" என்றார்.

அன்று பஸ்ஸில் அக்காவிடம், "கஷ்டமா இருந்துச்சுங்களா?" என்று கேட்டேன்.

"வயித்தெரிச்சலாத்தான் இருந்துச்சு. ஆனா அவ ஒழுங்காக் கேக்கா. அத ஒத்துக்கிடணும்லா" என்றார்.

அந்த ஜனவரியிலேயே முதல் வகுப்பு தள்ளிப்போனது, கேட்டும் திறந்திருந்தது. அவர்கள் இருவரும் சிநேகிதிகள் ஆகவில்லை. நூலக நேரம், கேண்டீன் என்று எல்லாவற்றுக்கும் ஸ்டாஃப் ரூமில் சத்தமாகச் சண்டை போட்டார்கள். பாதி தடவை அக்காவும் பாதி தடவை முதல்வரும் விட்டுக்கொடுத்தார்கள். நாங்களும் பயமில்லாமல் நடுவில் புகுந்து பேசக் கற்றுக்கொண்டோம். அக்கா ஓய்வு பெற்ற பிறகு நடந்த முதல் கூட்டத்தில், "இன்றைக்கு என்னை எதிர்த்துப் பேச யார் இருக்கிறீர்கள்?" என்று கேட்டார் முதல்வர். நாலைந்து கைகள் உயர்ந்தன.