எதிர் மேஜை

ஒரு வாய் கஞ்சி, ஒரு நடை. ஓசெல்லா டார்வர் உட்கார்ந்து சாப்பிட்டு யாரும் பார்த்ததில்லை. சோள ரவைக் கஞ்சிக் கிண்ணத்தை இடது கையில் ஏந்திக்கொண்டு அடுப்படிக்கும் வாசலுக்குமாக நடப்பாள். போகிற போக்கில் திரைச்சீலையைச் சரிசெய்வாள். பூட்டிய பின்கதவை இன்னொரு தரம் இழுத்துப் பார்ப்பாள். "உக்காந்தா முட்டி புடிச்சுக்கும்" என்பாள். வயது எழுபத்தொன்பது.

நாற்பத்தோரு வருஷம் சலவைக் கடையில் துணி தேய்த்தவள். மிசிசிப்பியில் எங்கள் பக்கத்துப் பெரிய மனிதர்களின் காலரெல்லாம் அவள் கைபட்டுத்தான் விறைத்து நின்றன. மாவட்டப் போலீஸ் தலைவர்களான ஷெரிஃப்கள் மூன்று பேருக்கு உடுப்பு தேய்த்திருக்கிறாள். முன்கை இரண்டிலும் சூட்டுத் தழும்பு வரிவரியாக இருக்கும். "ரெண்டு கட்சிக்காரன் அக்குளும் ஒரே நாத்தந்தான்" என்று முகம் மாறாமல் சொல்வாள்.

கட்சிக் கதை அவளுக்குக் குடும்பக் கதை. கொள்ளுத்தாத்தா பிரின்ஸ் அடிமைத்தளை அறுந்த கையோடு குடியரசுக் கட்சிக்கு ஓட்டுப் போட்டார். அதற்காக ஜனநாயகக் கட்சி வெள்ளைக்காரர்கள் அவருடைய களஞ்சியத்தைக் கொளுத்தினார்கள். தாத்தா இசையாவுக்கு ஓட்டே இல்லை. சட்டம் போட்டுப் பிடுங்கிவிட்டார்கள். அப்பா ஹோசியா ஓட்டுக்குப் பெயர் பதியப் போன இடத்தில் மூன்று பல்லைக் கொடுத்துவிட்டு வந்தார். சாகிறவரை குடியரசுக் கட்சிக்காரன் என்றே சொல்லிக்கொண்டார். ஓசெல்லா தலையெடுத்தபோது எல்லாம் திரும்பிவிட்டது. ஓட்டுரிமைச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டவர் ஜனநாயகக் கட்சி ஜனாதிபதி. கறுப்பு ஜனம் அங்கே சேர்ந்தது; வெள்ளைக்காரர்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியரசுக் கட்சிக்குப் போனார்கள். "சட்டிமுட்டியோட வீடு மாறிக்கிட்டாங்க. பேர்ப்பலகைய மட்டும் கழட்டல."

இந்த ஆகஸ்டில் அவள் நடை கூடிப்போயிற்று. மகன் லமான்ட் எட்டு மாதமாக விசாரணையில்லாமல் மாவட்டச் சிறையில் கிடக்கிறான். சர்க்கரை நோய்க்காரன். ஊசி நேரத்துக்குக் கிடைக்காமல் இரண்டு கால்விரல் போய்விட்டது. சிறை ஷெரிஃப் பொறுப்பு. அந்தப் பதவிக்கு ஜனநாயகக் கட்சியில் ஆளே நிற்கவில்லை. ஆகவே இப்போதிருக்கும் ஷெரிஃபா, கைதிக்கு மருந்து தருவேன் என்கிற புது ஆளா என்பது குடியரசுக் கட்சி தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் ஓட்டிலேயே முடிந்துவிடும். அன்றைக்கு ஒரே கூடத்தில் இரண்டு கட்சிக்கும் தனித்தனி மேஜை. யாரானாலும் ஏதாவது ஒரு மேஜையில் மட்டும் ஓட்டுச்சீட்டு வாங்கலாம். ஜனநாயகக் கட்சி மேஜையில் உட்கார்ந்திருந்தவள் ஓசெல்லாவின் தங்கை வெர்டெல்.

ஓட்டுச்சாவடியாக மாறியிருந்த தீயணைப்பு நிலைய வாசலில் நாலு நடை நடந்துவிட்டு, ஓசெல்லா எதிர் மேஜைக்குப் போனாள்.

"அம்மா, உங்க மேஜை அந்தப் பக்கம்" என்றாள் அங்கிருந்த வெள்ளைக்காரப் பெண்.

"யாரு சொன்னது? எங்க கொள்ளுத்தாத்தா இந்தக் கட்சியில இருந்தப்ப, உங்காளுங்க அந்தப் பக்கம் துப்பாக்கியோட நின்னாங்க. சீட்டக் குடும்மா."

கூடமே திரும்பிப் பார்த்தது. வெர்டெல் எழுந்துவிட்டாள்.

"அக்கா, புத்தி பிசகிப்போச்சா ஒனக்கு? ஞாயித்துக்கெழம சர்ச்சுல எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு உக்காருவ?"

"நான் என்னிக்குடி உக்காந்தேன்?"

"அப்பா இருந்தா என்ன சொல்வாரு?"

"இவ்வளவு லேட்டாவா வர்றதுன்னு கேப்பாரு."

"லமான்டுக்காக நானுந்தான் தெனமும் முட்டி போட்டு ஜெபிக்கிறேன்." வெர்டெலின் குரல் இறங்கிவிட்டது.

"ஜெபி. நீ அந்த வேலயப் பாரு, நான் இந்த வேலயப் பாக்குறேன்."

சீட்டில் பதினான்கு பதவி இருந்தது. ஷெரிஃப் பதவியில் புது ஆளின் பெயருக்குப் பக்கத்து வட்டத்தை மட்டும் தாள் கிழிந்துவிடுமோ என்கிற அளவுக்குக் கறுக்கினாள். மற்றதையெல்லாம் வெள்ளையாகவே விட்டாள். எண்ணும் இயந்திரம் சீட்டை உள்ளே இழுத்துக்கொண்டது. மேலே ஓட்டு எண்ணிக்கை நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டானது. பின்னால் நின்றவர் செருமிப் பார்த்தார். ஓசெல்லா நகரவில்லை. காய்ச்சல் பார்ப்பதுபோல் இயந்திரத்தின் மூடிமேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றாள்.