அடையாறில் ஒரு பளிங்குச் சுவர்

எழும்பூரில் ஆறு மணிக்கு எனக்குத் திருச்சி ரயில். இப்போதே நாலரை. அடையாறில் ஒரு கண் டாக்டரின் வரவேற்பறையில் நாலாவது தடவையாக எழுந்து உட்காருகிறேன். புதுக் கண்ணாடிக்கு எழுதி வாங்கத்தான் வந்தேன். நர்ஸ் இரண்டு கண்ணிலும் மருந்தை விட்டு, "அரை மணி கண்ணை மூடிட்டு உக்காருங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். யாரால் மூட முடியும்?

எதிர்ச் சுவரில் பெயின்டர் காதர் பாய் பளிங்கு வரைந்துகொண்டிருக்கிறார். வெள்ளைச் சுவரில் சாம்பல் நிறத்தை நீர்க்கப் பூசி, ஈரம் காய்வதற்குள் கசக்கிய பாலிதீன் பையால் ஒற்றுகிறார். பிறகு கோழி இறகால் நரம்பு நரம்பாக இழுக்கிறார். கிட்டப் போய் நிற்கிறேன். எல்லாம் மங்கல்.

"மருந்து வுட்டாங்களா சார்? நல்லதாப் போச்சு. பின்னால போய் நின்னு பாரு. மருந்து போட்ட ஆளுங்களாண்டதான் நான் கேக்கறது. கோடு தெரியாது, மொத்தமாத்தான் தெரியும். எங்கனா தப்பா கீதா, சொல்லு."

சிரித்துக்கொண்டே பின்னால் நகர்கிறேன். நிஜமாகவே கல்தான்.

"வலது பக்கம் மேல் மூலையில மட்டும் கறுப்பா ஒரு திட்டு இருக்கு பாய்."

அவர் ஸ்டூலில் ஏறித் துணியால் ஒற்றி எடுக்கிறார். "இப்போ?"

"அப்படியேதான் இருக்கு."

முகத்தைச் சுவரோடு ஒட்டிவைத்துத் தேடுகிறார். "இங்க ஒண்ணியும் இல்லியே சார்."

நான் வாசல் கதவைத் திரும்பிப் பார்க்கிறேன். திட்டு இப்போது கதவின் வலது மேல் மூலையில் இருக்கிறது.